முப்பத்தோராம் எண் கட்டுகள்

தார்ஹேலியா பதினோரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று, உடை மாற்றும் அறையில் அவளை முதலில் பார்த்தவள் லூர்தஸ். பார்த்ததும் கையிலிருந்த ரப்பர் பூட்ஸைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“என்னடி, பேயப் பாத்த மாதிரி முழிக்கிற?” என்றாள் தார்ஹேலியா.

லூர்தஸ் எங்கள் ரோஜாப் பண்ணையிலேயே பெரிய வாயாடி. அன்று அவளுக்கு வாய் வரவில்லை. மெல்லக் கிட்டே வந்து தார்ஹேலியாவின் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளினாள்.

“சூடாத்தான் இருக்கு,” என்று மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அப்புறம்தான் அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

விஷயம் இதுதான். போன ஜூலையில் ஒல்மேதோ ஊர்ப் பக்கம் ஒரு தார்ஹேலியா இறந்துபோயிருந்தாள். அவளுக்கும் புற்றுநோய். குடும்பப் பெயரும் அதே ஃபரினாங்கோதான்; எங்கள் மலைப்பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஃபரினாங்கோ மேல்தான் விழவேண்டும். செய்தி பண்ணைக்கு வந்தபோது யாரும் விசாரிக்கவில்லை. ஏற்றுமதிக்கு ஆகாதென்று கழித்த ரோஜாக்களை வைத்து மாலை கட்டி, பூ வண்டியில் அனுப்பிவிட்டார்கள். தார்ஹேலியாவின் அலமாரிக் கதவடியில் நாற்பது நாள் மெழுகுவத்தி எரிந்தது. உருகிய மெழுகு இன்னும் சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நல்ல மாலைக்கா,” என்றாள் லூர்தஸ், வாய் திரும்பிய பிறகு. “நீ பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்ப.”

எல்லோரும் சிரித்தார்கள். தார்ஹேலியாவும் சிரித்தாள். ஆனால் சிரித்தவர்களில் ஒருத்திகூட அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. எர்மிலா மட்டும் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்து இறுக அணைத்தாள். பதினான்கு வருடமாக ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் நிற்பவர்கள் இருவரும். தார்ஹேலியாவின் மகளுக்கு ஞானத்தாய் எர்மிலாதான். அறுவை நடந்த இடம் வலிக்கிற அளவுக்கு அணைத்தாள்; ஆனால் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தார்ஹேலியாவின் பழைய ஏப்ரனைக் காணோம். புதிதாக ஒன்று கொடுத்தார்கள்.

பூப்பிரிக்கும் கூடத்தில் அவளுடைய இடம் காலியாகவே இருந்தது. மேசைக்கு எட்டு பேர் நிற்க வேண்டும். பிப்ரவரிக் காதலர் தினத்துக்குப் பூ போகிற காலத்தில் ஒரு இடம் காலியாக இருந்தாலே கத்திக் கூரையைப் பிய்த்துவிடுவார்கள். எப்படி விட்டுவைத்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ரெண்டு பொண்ணுங்கள நிக்க வெச்சாங்க,” என்றாள் எதிரே நின்ற லூர்தஸ், குரலைத் தாழ்த்தி. “ஒருத்தி மூணு நாள் நின்னா. இன்னொருத்தி மத்தியானத்துக்குள்ள அழுதுட்டு ஓடிட்டா.”

“ஏன்?”

“இஞ்சினியர் கூப்புடுவாரு. அவரே சொல்லட்டும்.”

பண்ணையை நடத்தும் இஞ்சினியர் ஏகாஸ் பத்து மணிக்குக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரு அட்டவணைக்குள் அடக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. உட்காரச் சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் மேசைமேல் ஒரு காகிதத்தை விரித்தார்.

“தார்ஹேலியா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். லீவுல இருந்தப்போ நீங்க இங்க வந்தீங்களா?”

“நான் எதுக்கு சார் வரணும்? பாதி நாள் கித்தோ ஆஸ்பத்திரியில ஊசியோட கெடந்தேன்.”

“அதான் எனக்கும் புரியல.”

எங்கள் பண்ணையில் இருபத்தைந்து ரோஜாவைச் சேர்த்து அட்டையில் சுற்றினால் ஒரு கட்டு. கட்டியவளின் எண் அச்சடித்த ஸ்டிக்கரை அட்டையில் ஒட்ட வேண்டும். குளிர் அறை வாசலில் எந்திரம் அந்த எண்ணைப் படித்துக் கணக்கில் ஏற்றும். தார்ஹேலியாவின் எண் முப்பத்தொன்று. அவள் விடுப்பில் போன மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு வேலைநாளும் முப்பத்தோராம் எண்ணில் ஏழு கட்டுகள் குளிர் அறைக்குள் போயிருந்தன. ஆறும் இல்லை, எட்டும் இல்லை.

“யாரோ உங்க பேர்ல கூலி வாங்கறாங்கன்னு நெனச்சேன்,” என்றார் ஏகாஸ். “ஆனா லீவுல இருக்கற எண்ணுக்குக் கூலி போகாது. யாருக்கும் ஒரு செண்ட் லாபமில்ல. உங்க டிராயர்ல இருந்த ஸ்டிக்கரெல்லாம் எடுத்து இங்க வெச்சுப் பூட்டினேன். அப்பவும் நிக்கல. அதக் கேட்டுத்தான் உங்க எடத்துல நின்ன ரெண்டு பொண்ணுங்களும் பயந்து ஓடினாங்க.” காகிதத்தை விரலால் தட்டினார். “இன்னொண்ணு சொல்லவா? பதினோரு மாசத்துல ஒரு கட்டுகூடக் குறை சொல்லித் திரும்பி வரல.”

அவர் எழுந்து போய், குளிர் அறையிலிருந்து முந்தின நாள் உள்ளே போன ஒரு கட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

தார்ஹேலியா இடதுகைக்காரி. ஸ்டேப்ளரால் அவள் அடிக்கிற பின் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அட்டையின் கீழ் மூலையைப் பெருவிரலால் உள்ளே மடக்குவாள். நடுவில் ஒரு பூவை மட்டும் மற்றவற்றைவிட ஒரு நகம் அளவு தாழ்த்தி வைப்பாள். அப்படி வைத்தால் பெட்டியில் இதழ் நசுங்காது. இதை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மடியில் இருந்த கட்டில் பின் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மூலை மடங்கியிருந்தது. நடுப்பூ ஒரு நகம் தாழ்ந்திருந்தது.

“இது யார் கட்டினது?” என்று கேட்டார் ஏகாஸ்.

“நான் கட்டினது,” என்றாள் தார்ஹேலியா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அதன்பிறகு வந்த நாட்கள் மோசமாக இருந்தன. மருந்து அவள் விரல் நுனிகளைச் சாகடித்துவிட்டிருந்தது. கையுறையைத் தாண்டி முள் ஏறினால் தெரியாது. அட்டையில் ரத்தக்கறை பட்டால்தான் தெரியும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் இடதுகை மாலைக்குள் பப்பாளி போல வீங்கியது. வேறு வழியில்லாமல் வலதுகையால் பின் அடிக்கப் பழகினாள். நூற்றைம்பது கட்டு கட்டிய இடத்தில் எழுபதுதான் வந்தது. பின் கோணலாக விழுந்தது. மூலை மடங்கவில்லை.

மாலையில் குளிர் அறை வாசலில் அவரவர் கணக்கை எழுதித் தொங்கவிடுவார்கள். அவள் எண்ணி எழுபத்தொன்று கட்டியிருந்தால் பலகையில் எழுபத்தெட்டு இருந்தது. அறுபத்தாறு கட்டிய அன்று எழுபத்துமூன்று. உள்ளே போய் அடுக்கில் தேடினால் அந்த ஏழும் தனியாகத் தெரிந்தன. அவை அச்சு அசல் தார்ஹேலியாவின் கட்டுகள். மற்ற எழுபதும் யாரோ கற்றுக்குட்டி அவள் பெயரில் கட்டியவை போல இருந்தன.

பெண்கள் மேசையில் அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, கால்கள் தாமாக நகர்ந்தன. எர்மிலா மட்டும் நகரவில்லை. ஆனால் அவளும் பேச்சைக் குறைத்திருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தால் “எனக்கு வயித்துப் புண்ணு, நீங்க போங்கடி, நான் அப்புறம் சூப்பு மட்டும் குடிச்சுக்கறேன்” என்று பின்தங்கிவிடுவாள்.

“நெஜமா சொல்லுக்கா,” என்றாள் லூர்தஸ் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில், வறுத்த சோளத்தை வாயில் போட்டுக்கொண்டே. “ஆஸ்பத்திரியில எதையாவது விட்டுட்டு வந்தியா?”

“ஒரு மார வெட்டி வெச்சுக்கிட்டாங்க. வேற என்ன விடணும்?”

“இல்ல... எங்க பெரியம்மா ஊர்ல சொல்லுவாங்க. ரொம்ப பயந்தா ஒடம்பு ஒரு பக்கம் போகும், உசுரு ஒரு பக்கம் போகுமாம். ஒடம்பு வீட்டுக்கு வந்துரும். உசுரு பழகின எடத்துலயே சுத்திக்கிட்டு நிக்குமாம். பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் வருமாம்.”

“அப்ப இங்க ஒக்காந்து உங்கூட சோளம் திங்கறது யாரு?”

லூர்தஸ் மெல்லுவதை நிறுத்தினாள். “அதான்கா எனக்கும் தெரியல,” என்றாள். கேலி இல்லை அந்தக் குரலில்.

அன்று சாயங்காலம் தார்ஹேலியா அடுப்படியில் நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கணவனிடம் கேட்டாள். ரமீரோ பால் வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான்.

“போன வருஷம் பூரா நான் வீட்லயும் ஆஸ்பத்திரியிலயும்தான இருந்தேன்?”

“இல்லாம எங்க போன? வாந்தி வாளிய யாரு கழுவினான்னு நெனக்கற?” என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று பால் கேன்களைக் கழுவப் போய்விட்டான்.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போனார்கள். தார்ஹேலியாவும் போனாள். வரிசையில் நின்று தட்டை வாங்கினாள். பருப்புச் சோறு வேண்டியிருக்கவில்லை. தட்டை அப்படியே லூர்தஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பண்ணை முழுக்க ஆளில்லை. பிளாஸ்டிக் கூரைகள் மட்டும் காற்றில் மூச்சு விடுவது போல ஏறி இறங்கின. நல்ல வெயில்.

கூடத்தின் கதவருகே வந்தபோது சத்தம் கேட்டது. ஸ்டேப்ளர். டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக். அவளுடைய தாளம் அது. முதலில் இரண்டு, அட்டையைத் திருப்பி மூன்றாவது. பதினான்கு வருடமாகத் தன் கையிலிருந்து மட்டுமே கேட்ட சத்தத்தை இப்போது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மயக்க ஊசியும், கதிர் சிகிச்சையும், கொத்துக் கொத்தாகக் கையில் வந்த கூந்தலும் பார்த்தவளுக்கு ஓட எங்கே இடம் இருக்கிறது? கதவைத் தள்ளினாள்.

அவளுடைய இடத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். முதுகு தெரிந்தது. மேலே அவளுடைய பழைய ஏப்ரன். முதுகுப்பட்டியில் அவளே தைத்த நீலத் துணி ஒட்டு. தலையில் குளிர் அறைத் தொப்பி. இடதுகையால் பூவை எடுத்து, இடதுகையால் தாழ்த்தி, இடதுகையால் பின் அடித்தாள். தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்ற நிலைகூட அவளுடையதுதான். அப்படிச் சாய்ந்து நிற்காதே என்று ரமீரோ எத்தனையோ முறை திட்டியிருக்கிறான்.

தார்ஹேலியாவுக்கு லூர்தஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து, தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட்டாள்.

“தார்ஹேலியா.”

நின்றவள் திரும்பினாள். எர்மிலா.

எர்மிலாவின் கையிலிருந்து ஸ்டேப்ளர் நழுவி மேசையில் விழுந்தது.

“ஏன்டி?” என்றாள் தார்ஹேலியா.

“ஏழு முடிக்கணும். இன்னும் ரெண்டு இருக்கு,” என்றாள் எர்மிலா, ஏதோ வீட்டு வேலை பாதியில் நிற்பது போல. பிறகு அவள் முகம் கோணியது. “நேர்ந்துக்கிட்டேன்டி. கின்ச்சே மாதாகிட்ட. உன் எண்ணு ஒரு நாள்கூட விடாம உள்ள போச்சுன்னா நீ சாகமாட்டேன்னு. உன் கை மாதிரியே இருக்கணும், இல்லேன்னா மாதா ஏமாத்துன்னு சொல்லிருவா. இடது கையில பழக எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.”

“ஜூலையில நான் செத்துட்டேன்னு சொன்னாங்களே?”

“நான் நம்பல. மாலைக்கும் பூக் குடுக்கல.”

“சரி. நான்தான் வந்துட்டேனே. இப்ப எதுக்குக் கட்டற?”

எர்மிலா ஏப்ரனின் மேல் பட்டனை விரலால் திருகிக்கொண்டே இருந்தாள். அந்த விரல் தொட்ட இடத்தைப் பார்த்ததும் தார்ஹேலியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேல் பட்டனை அப்படித் திருகுகிறவர்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறாள்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“இடது. உன்ன மாதிரியே.”

“எப்பலேருந்து?”

“நீ லீவுல போன வாரம்.”

“பதினோரு மாசமா?” தார்ஹேலியாவின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. “பதினோரு மாசமாக் கட்டிய வெச்சுக்கிட்டு, டாக்டர்கிட்ட போகாம, இங்க நின்னு எனக்கு ரோஜா கட்டினியா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாடி, எருமை?”

“நீ பொழச்சு வந்தா நானும் பொழப்பேன்னு அர்த்தம். வந்ததும் போய்க் காட்டறேன்னுதான் நேர்ந்துக்கிட்டேன்.” எர்மிலா அழ ஆரம்பித்தாள். “நீ வந்த. ஆனா உன் கட்டப் பாத்தேன். உன்னுது மாதிரியே இல்ல. முழுசா வந்தது நீதானான்னு எனக்குத் தெரியலடி. பயமா இருந்துச்சு.”

அதற்குத் தார்ஹேலியாவால் கோபப்பட முடியவில்லை. அவளே இரண்டு வாரமாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எர்மிலாவின் ஏப்ரனை அவிழ்த்தாள். சட்டைக்குள் கையை விட்டாள். விரல் நுனியில் ஒன்றும் தெரியவில்லை. மரக்கட்டையால் தடவுவது போல இருந்தது. கையைத் திருப்பி மணிக்கட்டின் உட்புறத்தால் அழுத்தினாள். அங்கே உணர்ச்சி இருந்தது. தோலுக்கடியில், அசையாமல், ஒரு ஆலிவ் கொட்டை அளவுக்குக் கட்டி இருந்தது.

“செவ்வாய்க்கிழமை கித்தோ போறோம்,” என்றாள்.

“பிப்ரவரி முடியட்டுமே. இப்ப லீவு தரமாட்டாங்க.”

“தருவாங்க.”

இஞ்சினியர் ஏகாஸிடம் அவளே போய்ப் பேசினாள். ஸ்டிக்கர் விஷயத்தையும் மறைக்கவில்லை. அவர் எர்மிலாவுக்கு விடுப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். தார்ஹேலியாவுக்கு இனிக் கட்டும் வேலை வேண்டாம், குளிர் அறை வாசலில் கட்டுகளைச் சோதித்து அனுப்பினால் போதும் என்றார். அவருக்கு ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது. அட்டவணையை எடுத்து எர்மிலா வராத நாட்களைத் தேதிவாரியாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். பாதியில் பேனா நின்றது.

“எர்மிலா ஜூலையில எத்தன நாள் வரல?”

“பன்னெண்டு நாள்னு சொன்னா சார். அவ பையனுக்கு டைபாய்டு. இபாரா ஆஸ்பத்திரியில தங்கிட்டா.”

“உங்க எண்ணு ஸ்டிக்கரெல்லாம் அவ எங்க வெச்சிருந்தா?”

“அவ அலமாரியில. பூட்டி.”

ஏகாஸ் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். ஜூலை எட்டு முதல் பத்தொன்பது வரை, நடுவில் வந்த ஒரு ஞாயிறு நீங்கலாக, ஒவ்வொரு நாளும் முப்பத்தொன்றுக்கு நேராக ஏழு என்று இருந்தது.

எர்மிலாவிடம் கேட்டாள். அவள் தன் பிள்ளையின் தலைமேல் சத்தியம் செய்து, தனக்குத் தெரியாது என்றாள். தான் வராததால் நேர்த்தி முறிந்துவிட்டது என்று அந்தப் பன்னிரண்டு நாளும் இபாராவில் அழுதாளாம். மற்ற பெண்களையும் ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். லூர்தஸ் உட்பட யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் தார்ஹேலியா ரமீரோவை நேராகக் கேட்டாள். “அன்னிக்கு என்னமோ சொல்ல வந்த. என்ன அது?”

ரமீரோ பால் கேனின் மூடியை மூடி, திறந்து, மறுபடி மூடினான்.

“ஜூலையில உனக்குக் காய்ச்சல் கண்டு தனி ரூம்ல போட்டாங்கல்ல. பத்துப் பன்னெண்டு நாள். நீ கண்ணே தொறக்கல. டாக்டர் என்னை வெளிய கூப்ட்டு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்கன்னாரு.”

“அது தெரியும்.”

“உன் கை மட்டும் நிக்கவே இல்ல. காலையில ஆரம்பிக்கும். போர்வைய மடிக்கும், சுத்தும், ஒரு மூலைய உள்ள தள்ளும், பெருவிரலால அமுக்கும். அப்பறம் நின்னுரும். மறுபடி ஆரம்பிக்கும். நர்ஸு கையக் கட்டலாமான்னு கேட்டா. நான்தான் வேணாம்னேன்.”

“எத்தன தடவ?” என்று கேட்டாள் தார்ஹேலியா.

“எண்ணல,” என்றான் ரமீரோ. அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஏழு என்ற சொல்லை அவன் வாயால் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிகாலைப் பேருந்தில் இரண்டு பெண்களும் கித்தோவுக்குப் போனார்கள். சோதனைகள் மூன்று வாரம் நடந்தன. இரண்டாம் கட்டம் என்றார்கள். இன்னும் நாலு மாதம் போயிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். மார்ச்சில் அறுவை முடிந்தது. ஈஸ்டர் கழிந்து முதல் மருந்து ஏற்றிக்கொள்ளப் போன அன்றும் தார்ஹேலியாதான் கூடப் போனாள். பேருந்தில் எர்மிலா ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, மடியில் பிஸ்கோச்சோ ரொட்டிப் பொட்டலத்தைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்குமா?”

“ஊசி குத்தறப்போ ஒண்ணும் இல்ல. மூணாம் நாள்லேருந்து செத்துப்போயிரலாம்னு இருக்கும்.”

“ஒரு பேச்சுக்காவது பொய் சொல்லேன்டி, பாவி.”

“முடி மட்டும் நல்லா வளரும். சுருட்டை சுருட்டையா. என்னப் பாரு.”

எர்மிலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆட்டுக்குட்டி மாதிரி இருக்க,” என்றாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை ஒடித்துப் பாதியைக் கொடுத்தாள். பேருந்து குவாய்யபாம்பா இறக்கத்தில் வளைந்து இறங்கியது. கொஞ்ச தூரத்தில் எர்மிலா தூங்கிப்போய், தார்ஹேலியாவின் வீங்கிய இடதுகைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வலி தோள்வரை ஏறியது. எழுப்ப மனம் வராமல் தார்ஹேலியா கித்தோ வந்து சேரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.